அழாத பிள்ளை

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் அடிபடும் பழமொழி. கேட்கத் தெரியாதவனைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கமும் கொஞ்சம் ஏளனமும் கலந்து இதைச் சொல்லுகிறோம். சம்பள உயர்வு கேட்காத குமாஸ்தா, பந்தியில் இரண்டாம் முறை குழம்பு கேட்கக் கூச்சப்படும் விருந்தாளி, வரிசையில் இடித்துக்கொண்டு முன்னே போகத் தெரியாத கிழவர் - எல்லாருக்கும் இந்த ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று தெரிவிக்கும் வரையில் இந்தப் பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. உலகம் இப்படி நடப்பதுதான் நியாயம் என்று அதற்குப் பொருள் சொல்லும்போது மட்டும் என் மனம் ஒப்புவதில்லை.

அழாத பிள்ளைக்கும் பசி உண்டா, இல்லையா? உண்டென்றால் அந்தப் பசிக்குப் பொறுப்பாளி யார்? அழாமல் இருந்த பிள்ளையா? அழட்டும் என்று காத்திருந்த தாயா?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது எந்தத் தத்துவ நூலும் அன்று. என் வீட்டுத் தோட்டத்தின் மேற்கு மூலையில் நிற்கும் ஒரு செடி. ரோஜாவோ மல்லிகையோ அன்று, ஆவாரை. "இதையெல்லாம் கூடவா ஒருவர் வீட்டில் வளர்ப்பார்?" என்று வாசகர் கேட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை சுமார் 30 கிலோமீட்டர். அந்த வழியில் ஏரிக்கரைகளும் வயல்களும் போக மிச்சமிருக்கும் செம்மண் மேட்டிலும், பாறைக் குன்றுகளின் அடிவாரத்திலும், ஆவாரை தானாக முளைத்து நிற்கும். ஆள் உயரம், மிஞ்சினால் ஒன்றரை ஆள் உயரம். புளியிலையைக் கொஞ்சம் பெரிதாக்கியது போன்ற இலை. கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. ஐந்து இதழ், அந்த மஞ்சளில் ஒரு துளி வெளிறல் கிடையாது. சித்திரை வெயிலில் சாலையோரத்துப் புல் கருகிக் கிடக்கும்போதும் இது நாலு பூவாவது வைத்திருக்கும். மழை கண்டுவிட்டால் செடியே தெரியாது; பூதான் தெரியும்.

இந்தச் செடிக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் லின்னேயஸ் என்ற சுவீடன் தேசத்து அறிஞர். 1753-இல் அவர் கொடுத்த பெயரில் 'ஆரிகுலாட்டா' என்று ஒரு சொல் வருகிறது. 'காது உடையது' என்று அதற்குப் பொருள். இலைக் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி இரண்டு பச்சைச் செதில்கள் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: இந்தச் செடிக்குக் காது இருக்கிறது, வாய்தான் இல்லை.

மற்றச் செடிகளுக்கு வாய் இருக்கிறது. ரோஜாவுக்கு ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக் கொண்டு வீட்டையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும். குரோட்டன்ஸ் இலை சுருண்டு புகார் செய்யும். துளசி வாடினால் வீட்டுக்கே ஆகாது என்று பாட்டிமார் ஓடிவருவார்கள். நாம் அவற்றின் பின்னால் அலைகிறோம், உரம் வாங்குகிறோம், மருந்து தெளிக்கிறோம், ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துத் தண்ணீர் விடச் சொல்லுகிறோம். வந்த ஊர் வேறு என்பதற்காக நான் ரோஜாவையும் குரோட்டன்ஸையும் குறை கூறவில்லை. நம்மை நம்பி வந்தவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். நான் சொல்லுவது வேறு. நம் கவனம் முழுவதும் எது கூப்பிடுகிறதோ அதன் பக்கமே போய்விடுகிறது. கூப்பிடாததைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: "அதற்கு ஒன்றும் வேண்டாம்."

நம் முன்னோர் இந்தப் பூவை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசையாக அடுக்கும்போது ஆவிரையையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் ஆவிரை வேறோர் இடத்தில் வருகிறது. காதலித்த பெண் கிடைக்காமல் மனம் உடைந்தவன் பனை மடலால் குதிரை செய்து, வெட்கத்தை விட்டு, ஊர்த் தெருவில் அதன்மேல் ஏறி வருவான். அப்போது அவன் சூடும் பூக்கள் எருக்கு, ஆவிரை, பூளை. அதாவது நல்ல நிலையில் இருக்கிறவன் சூடாத பூக்கள். 'நான் எல்லாவற்றையும் இழந்துவிட்டேன்' என்பதற்கு அடையாளம்.

கொங்கு நாட்டிலும் வேறு சில மாவட்டங்களிலும் பொங்கலுக்கு முன்னால் வீட்டு வாசலில் காப்புக் கட்டுகிறார்கள். எதை வைத்து? வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. மானம் போனவன் தலையில் இருந்த அதே பூளையும் ஆவாரையும் மனையைக் காக்கும் தெய்வமாக வாசலில் ஏறிவிட்டன! ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு அண்டாது என்ற அர்த்தத்தில் ஒரு பழமொழியும் வழங்குகிறது. தெலுங்கானாவில் இதற்குத் 'தங்கேடு' என்று பெயர். பதுக்கம்மா பண்டிகையில் பெண்கள் அடுக்கும் பூக்களில் இது முக்கியமானது. 2014-இல் அந்த மாநிலம் பிறந்தபோது இதையே மாநிலப் பூவாக்கினார்கள்.

இவ்வளவு மரியாதை இருந்தும் வருஷத்தில் ஒரு நாள் போக மிச்ச நாட்களில் இதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 'யாரும்' என்று சொன்னது முழு உண்மை ஆகாது. தேவை உள்ளவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆவாரம் பட்டையில் துவர்ப்புச் சத்து 15 முதல் 20 சதவிகிதம் வரையில் உண்டு. பச்சைத் தோலைப் பதனிட அது மிகவும் ஏற்றது. சென்னை ராஜதானியில் தோல் பதனிடும் தொழில் செழித்த காலத்தில் அதற்கு ஆதாரமாக நின்றது இந்தச் செடிதான். கிளையை வெட்டிப் பட்டையை உரித்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அந்தத் தோல் கடல் கடந்து சீமைக்குப் போயிற்று. வேரை விட்டு வைத்தால் செடி மறுபடியும் தழைக்கும். தழைத்ததும் மறுபடியும் வெட்டினார்கள். இலையையும் தழையையும் வயலில் மிதித்து எருவாக்கினார்கள். எஞ்சிய குச்சி அடுப்புக்குப் போயிற்று.

பிறகு காலம் மாறியது. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையைப் பழக்கினார். 1912-இல் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் தோல் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. அதனால்தான் அந்த இடம் குரோம்பேட்டை ஆயிற்று. இன்று நாம் மின்சார ரயிலில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகிறோம். அது ஆவாரம் பட்டை தன் இடத்தை இழக்கத் தொடங்கிய கதையின் ஒரு பக்கம் என்று எத்தனை பேருக்கு நினைவு வரும்? தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் கப்பலில் வந்து இறங்கியது. ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்த மரத்தை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டார்கள். அது மலைப் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டு பரவியது. இன்று வனத்துறையார் அதை வெட்டி அகற்றப் பாடுபட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

பயன்படுத்துவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. செருப்பு இல்லாமல் நடக்க நான் தயாராக இல்லை. ஆனால் இந்தச் சரித்திரத்தில் ஒரு வாக்கியம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது: 'வெட்ட வெட்டத் தழைக்கிறது, ஆகவே வெட்டலாம்.' தாங்குகிற சக்தியையே சம்மதம் என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்ளுகிறோம். செடியிடம் மட்டுமா?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அதில் மூத்தவள் பெண். பின்னால் மூன்று தம்பிகள், ஒரு தங்கை. தகப்பனார் இறந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. ஆசிரியை வேலைக்குப் போனாள். தம்பிகளைப் படிக்க வைத்தாள். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். தன் கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, மற்றவர்களும் பேசவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு வீட்டைப் பாகம் பிரித்தார்கள். ஒருவனுக்கு வாசல் பக்கம் வேண்டும். இன்னொருவனுக்குக் கிணற்றோடு சேர்ந்த கொல்லை வேண்டும். தங்கைக்கு நகை வேண்டும். கூச்சலும் அழுகையும் மூன்று நாள் நடந்தன. நடுவில் யாரோ, "அக்காவுக்கு?" என்றார். "அக்காவுக்கு ஒன்றும் வேண்டாம். அவள் எப்போதுமே அப்படித்தான்" என்று ஒரே குரலாகப் பதில் வந்தது. அதில் அன்புகூட இருந்தது, பெருமையும் இருந்தது. அதுதான் பயங்கரம்.

அவர்கள் அவளைப் பட்டினி போடவில்லை. தீபாவளிக்கு நாலு வீட்டிலிருந்தும் நாலு புடவை வரும். அவள் அவற்றை மடித்துப் பெட்டியில் வைப்பாள். கடைசித் தம்பியின் மனைவி ஒரு நாள் கவனித்தாள்: பெரியவள் புத்தகம் படிப்பதற்கு மாடிப்படியின் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். அந்தப் பெண் யாரையும் கலந்து பேசவில்லை. சாமான்கள் போட்டிருந்த கிழக்கு அறையை ஒழித்து, ஒரு நாற்காலியும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டு, "அண்ணி, இது உங்களுக்கு" என்றாள். அறுபது வயதில் அந்த அம்மாள் அன்றைக்குத்தான் அழுதாளாம்.

நாலு புடவையில் கிடைக்காத எது ஒரு தாழ்ப்பாளில் கிடைத்தது? என் செடியிடம் திரும்பினால்தான் இதற்கு எனக்கு விடை கிடைக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரெவின்யூ அதிகாரி. எழுபதைத் தாண்டியவர். என் தோட்டத்து ஆவாரையைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. ஒரு நாற்றுக் கொடுத்தேன். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். இரண்டு முழக் குழி வெட்டினார். தொழு உரம் நிரப்பினார். காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் விட்டார். வெயில் படுமே என்று தென்னங்கீற்று வேய்ந்து நிழல் செய்தார். முதலில் கீழ் இலைகள் மஞ்சளாயின. "உரம் போதவில்லை போலிருக்கிறது" என்று இன்னும் கொஞ்சம் போட்டார். நாற்பதாம் நாள் செடி செத்துப் போயிற்று. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கறுத்திருந்தது.

"ஒரு குறையும் வைக்கவில்லையே, தம்பி!" என்றார் அவர். குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

"குறை வைக்காததுதான், சார், குறை" என்றேன். 

அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் இதற்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டார். அந்த ஊரில் அந்தச் செடியைப் பற்றி ஒருவர் அப்படிக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு வேண்டியது மிகவும் கொஞ்சம். ஆனால் ஒன்றுமில்லாமல் இல்லை. முழு வெயில் வேண்டும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். செம்மண்ணோ சரளையோ எதுவானாலும் சரி. வேர் ஆழமாக இறங்கும் சுபாவம் உள்ளது. ஆகையால் சாலையோரத்தில் வளர்ந்து நிற்கும் செடியைத் தோண்டிக்கொண்டு வந்து நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும். மழைக்காலம் கழிந்து நெற்று முற்றிப் பழுப்பாகிக் காகிதம் போலச் சரசரக்கும் சமயம் பறித்து வைத்துக்கொள்ள வேண்டும். விதைத் தோல் மிகவும் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தோ, கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊற வைத்தோ விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆடி, ஆவணியில் நீளமான பையில் விதைத்து, ஐப்பசி மழைக்குத் தரையில் நட்டுவிடலாம். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர். அதற்குப் பிறகு வானம் விடுகிற தண்ணீர் போதும். பூத்து ஓய்ந்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிட்டால் புதுக் கிளை விட்டு அதன் நுனியில் மறுபடி பூக்கும். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அவர் இன்னொரு நாற்று நட்டார். நட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சொன்னார்: "செய்வது சுலபம், தம்பி. ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான உத்தியோகம்."

இந்த வார்த்தையில் நிறைய விஷயம் இருக்கிறது. கேளாதவருக்கு நாம் செய்யும் தவறு இரண்டு வகை. ஒன்று, 'அதற்கு ஒன்றும் வேண்டாம்' என்று மறந்துவிடுவது. மற்றது, மறந்ததற்குப் பரிகாரமாக, அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கிற பாலையே இதற்கும் புகட்டுவது. நாலு புடவையும் தென்னங்கீற்று நிழலும் ஒரே ஜாதி. கொடுக்கிறவனுடைய மனம் ஆறுகிறது. வாங்குகிறவனுடைய வேர் அழுகுகிறது. இரண்டு தவறிலும் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றே. நின்று பார்க்கவில்லை.

இங்கே யாரேனும் ஒரு புத்திசாலி வாசகர் என்னை மடக்கலாம். "ஐயா, உம்முடைய ஆவாரையே கேட்கிறவனுக்குத்தானே கொடுக்கிறது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அந்த மகரந்தமும் திறந்து கிடப்பதில்லை. மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சிறு துவாரத்தின் வழியாகத்தான் வெளியே வரும். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து 'ங்ங்' என்று ரீங்காரம் செய்யும். அந்த அதிர்ச்சியில் மகரந்தம் பொடியாகக் கொட்டும். ரீங்காரம் செய்யத் தெரியாத பூச்சிக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆக, இயற்கையும் அழுத பிள்ளைக்குத்தான் பால் கொடுக்கிறது!

நான் இதை மறுக்கவில்லை. ஆனால் இயற்கை செய்வதெல்லாம் நமக்குத் தர்மம் ஆகிவிடாது. பூவுக்குக் கண் இல்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுக்க அதனால் முடியாது. அதிர்ச்சி வந்தால் திறக்கும், வராவிட்டால் மூடியிருக்கும். நமக்குக் கண் இருக்கிறது. அழுகையைக் கேட்டு ஓடுவதற்குக் காது போதும். அழாதவனின் பசியை அறிய முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க முடிந்தவன் பார்க்காமல் இருந்துவிட்டு, "கேட்கவில்லையே" என்று சொல்லுவது பூவுக்குப் பொருந்தும், மனிதனுக்குப் பொருந்தாது.

பார்ப்பது என்றால் என்ன என்பதை நான் அறிய நேர்ந்த இடம் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் அந்தப் பெரும் பாறையில் தேவர்கள் பறக்கிறார்கள். முனிவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். யானைக் கூட்டம் மலை போல் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் யானைக்கு முன்னால் படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். ஆனால் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால், ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்ளுவது தெரியும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பி ஒருவன், தேவர்களையும் அரசனையும் திருப்தி செய்ய வேண்டிய அத்தனை வேலைக்கு நடுவே, மூக்கரித்த ஒரு மானைப் பார்த்திருக்கிறான். அந்த மான் அவனிடம் சிலை கேட்கவில்லை. ராஜாவும் மான் வேண்டும் என்று கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். அவன் அதற்குப் பாறையில் ஓர் இடம் கொடுத்தான். ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் அந்த மான் அங்கே இருக்கிறது.

இடம். கடைசியில் எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்து சேருகிறது. அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது ஓர் இடம். ஆவாரைக்கு வேண்டியதும் ஓர் இடம். நாம் அதற்குக் கொடுக்காத ஒரே பொருளும் அதுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு நாள் கேட்டேன்: "உங்கள் கணக்கில் ஆவாரை முளைத்த நிலத்தை என்னவென்று எழுதுவீர்கள்?" "தரிசு" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்து, "முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன். தரிசு என்றால் பயிர் இல்லை என்று அர்த்தம், தம்பி; ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. படிக்கிறவர்கள்தான் அப்படிப் படித்துவிட்டார்கள்" என்றார்.

அப்படிப் படித்ததன் விளைவைச் செங்கல்பட்டுச் சீமையில் எந்தச் சாலையில் போனாலும் பார்க்கலாம். 1998-இல் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு மாமல்லபுரம் வரையிலும், அதற்கு அப்பாலும், புதர் மண்டிய மணல்மேடுகள் மதில் சூழ்ந்த பங்களாக்களும் ஓட்டல்களும் ஆயின. உள்நாட்டிலும் செம்மண் மேடுகளைச் சமன் செய்து, வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி மனை விற்கிறார்கள். ஜனங்களுக்கு வீடு வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்லுவேன்; நானும் அப்படி ஒரு மனையில்தான் வீடு கட்டியிருக்கிறேன். ஆனால் ஒருவனுடைய இடத்தில் நான் குடியேறினால் அவனுக்கு நான் கடன்பட்டவன். அவன் வந்து கதவைத் தட்டவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. சொல்லப் போனால், தட்டத் தெரியாதவனிடம் பட்ட கடன்தான் மிகவும் கனமானது. அதை நினைவுபடுத்த என்னைத் தவிர யாருமில்லை.

இது நடவாத காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். இதே மாவட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. அந்த ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று ஊரார் முறையிட, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டார். ஊராருக்கு அதில் ஆதாயமும் உண்டு; பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஆனால் ஆதாயத்துக்கு மேலும் ஏதோ இருந்திருக்க வேண்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. உரத்துக்காக மட்டும் ஓர் ஊர் தன் குழந்தைகளின் மத்தாப்பை விட்டுக்கொடுக்குமா? பார்த்துப் பார்த்துப் பழகினால் ஆதாயம் மெல்ல உறவாக மாறிவிடுகிறது போலும். திருக்கழுக்குன்றத்துக்கு அருகே தண்டரையில் இருளர் பெண்கள் சங்கம் அமைத்து மூலிகைத் தோட்டம் வளர்த்தார்கள். நமக்குப் 'புதர்' என்று ஒரே பெயராகத் தெரிவது அவர்களுக்கு ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயரும் குணமுமாகத் தெரிகிறது. பெயர் தெரிந்ததை அலட்சியமாக வெட்டிப் போட மனம் அவ்வளவு எளிதில் வராது.

என் செடியில் மழைக்காலத்தில் பச்சைப் புழுக்கள் வரும். இலையைச் சல்லடையாக்கிவிடும். "மருந்து அடிக்கக் கூடாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அடிப்பதில்லை. அவை எலுமிச்சை மஞ்சளிலும் வெளிர்ப் பச்சையிலும் பறக்கும் வண்ணத்துப் பூச்சிகளின் குழந்தைகள். ஆவாரை போன்ற செடிகளின் இலையைத் தின்றுதான் அவை வளரும். செடி இரண்டு வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும். 'வெட்ட வெட்டத் தழைக்கிறது' என்ற அதே நியாயத்தை நான் இங்கே பேசுகிறேனோ என்று ஒரு சமயம் எனக்கே சந்தேகம் வந்தது. இல்லை என்று நினைக்கிறேன். புழு தன் பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. இடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதன் பிள்ளைகளும் நாளைக்கு இந்த இடத்துக்குத்தான் வர வேண்டும்.

பங்கு எடுப்பதற்கும் இடத்தைப் பறிப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு புழுவுக்குக்கூட நடைமுறையில் தெரிந்திருக்கிறது. நாமும் ஆவாரம்பூவைப் பறித்துக் காயவைத்துக் கஷாயம் போடுவோம். கடையில் பொட்டலம் போட்டு விற்பதை வாங்குவோம். அது எந்த நோய்க்கு எவ்வளவு உதவும் என்பதை வைத்தியர் சொல்லட்டும். வாசலில் காப்பும் கட்டுவோம். இவையெல்லாம் பங்கு. அதற்கு ஈடாக மதிலோரத்தில் மூன்றடி வெயிலை அதன் பெயருக்கு எழுதி வைப்பது ஒன்றும் பெரிய தானம் அன்று. தெருவில் ஒரு வீட்டில் வைத்தால் போதும். வண்டு மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பழமொழியை நான் திருத்தப் போவதில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கட்டும். அதன் பசியும் பசிதான். ஆனால் நம் தாய்மார்கள் இந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டே வேறு விதமாக நடந்து வந்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அழாமல் தூங்கிக் கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து, "வேளை ஆகிவிட்டதே, இன்னும் இது எழுந்திருக்கவில்லையே" என்று அடுப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு வருகிறவள்தான் தாய். அந்தக் குழந்தை அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் எழுந்து வந்தாள்.